கிரகோரியன் பாட்டுக் குழுவில் சண்டை: எண்ணிப் பாடுவதா, நெளிகோடு பார்த்துப் பாடுவதா?

மலைவேம்பு:

வணக்கம். இதை இசைப் பகுதியில் போடுவதா ஆன்மிகப் பகுதியில் போடுவதா என்று குழம்பி இங்கேயே போட்டுவிட்டேன். இடம் தப்பென்றால் மாற்றிவிடுங்கள்.

வேலைக்காக மேற்கு பிரான்சுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள கோவிலில் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சின்னக் குழு கூடும். லத்தீனில் கிரகோரியன் பாட்டு மட்டும்தான் பாடுவார்கள். ஆர்கன் கிடையாது, நாலு குரலாகப் பிரித்துப் பாடுவது கிடையாது, எல்லோருக்கும் ஒரே மெட்டு. நான் கிறிஸ்தவப் பெண் இல்லை. சின்ன வயதில் ஏழெட்டு வருடம் பாட்டு கற்று, வர்ணத்தோடு நின்றுபோன கேஸ். என் பார்சல் ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மா வாங்கி வைத்திருந்தார், அவர் ஒத்திகையில் இருக்கிறார் என்றார்கள், அதை வாங்கப் போனவள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பார்சலை வாங்காமலேயே வீட்டுக்கு வந்தேன் என்பது மறுநாள்தான் உறைத்தது. இரண்டரை வருடமாக அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருத்தி.

இப்போது பிரச்சினை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், 78 வயது. அவர் முறையில் எல்லாச் சுரமும் ஒரே அளவு. அதை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக மனதுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும், அவர் கை காற்றில் அலை மாதிரி ஏறி இறங்கும், நாங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போய்விடுவோம். செப்டம்பரில் அவருக்கு முழங்கால் மோசமாகிவிட்டது, நிற்க முடியவில்லை. இசைக் கல்லூரியில் படித்த பையன் ஒருவரை அவரே கூட்டிவந்து நிறுத்தினார். அந்தப் பையன் கொண்டுவந்த புத்தகத்தில் வழக்கமான சதுரச் சுரங்களுக்கு மேலே கறுப்பில் ஒரு வரிசை, கீழே சிவப்பில் ஒரு வரிசை நெளிகோடுகள். எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். "எண்ணுவதை விட்டுவிடுங்கள், இதைப் பாருங்கள்" என்றார்.

பாதிப் பேர் பார்க்கிறார்கள். மீதிப் பேர் எண்ணுகிறார்கள். போன செவ்வாய் கிறிஸ்துமஸ் பகல் பூசையின் நுழைவுப் பாட்டு, புவேர் நாத்துஸ் எஸ்த் நோபிஸ். ("நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்" என்று ஏசாயாவில் வருகிறதே, அது.) தொடக்கமே நம் கணக்கில் சவிலிருந்து பவுக்கு ஒரு தாவல், எனக்கு மிகவும் பிடித்த இடம். தாவல் வரை எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம். அதற்கப்புறம் ஒரு பாதி "எத் ஃபீலியுஸ்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டது, இன்னொரு பாதி முதல் "நோபிஸ்"-ஐயே முடிக்கவில்லை. முன்வரிசையில் நாற்காலியில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கேட்க வந்தது: யார் முறை சரி? இரண்டு பேருமே "சொலெம் மடத்தில் இப்படித்தான்" என்று சொல்கிறார்கள், அது எப்படி? கூடவே ஒரு சின்னக் கேள்வி, பாட்டு முடியும்போது எப்போதும் சுருதி இறங்கிப்போகிறது, ஆண் பெண் கலந்து பாடுவதாலா?

---

நாலுகோடு:

இரண்டு பேரும் சொல்வது உண்மை, அதுதான் வேடிக்கை. உங்கள் பெரியவரும் புதுப் பையனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தாத்தா பக்கம் ஒருவர், பேரன் பக்கம் ஒருவர்.

கொஞ்சம் பின்னால் போனால்தான் விளங்கும். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் இந்தப் பாட்டுகளை "திருத்த" ஆரம்பித்தார்கள். ஒரே எழுத்தில் இருபது முப்பது சுரம் ஓடுகிற இடமெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று அந்தக் காலத்து ரசனைக்குப் பட்டது, வெட்டித் தள்ளினார்கள். அப்படி வந்ததுதான் 1614-15-இன் மெடிசிப் பதிப்பு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் ஊர்ப் பதிப்பகம் ஒன்று அதையே மறுபடி அச்சடித்து, போப்பின் தனியுரிமையோடு விற்றது. ஆக, பல நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் கிடைத்தது முடி வெட்டிய பாட்டு.

சொலெம், சார்த் ஆற்றங்கரையில் சின்ன ஊர். பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்ட மடத்தை 1833-ல் கெராஞ்ஜே என்ற குருவானவர் திரும்பத் திறந்தார். பழைய பெனடிக்ட் சபை வாழ்க்கையை வாழ வேண்டுமென்றால் பழைய பாட்டு வேண்டும், அச்சுப் புத்தகத்தில் அது இல்லை, அப்படியென்றால் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் போங்கள் என்று தன் துறவிகளை அனுப்பினார். பொத்தியே என்பவர் வருடக்கணக்கில் பிரதியெடுத்தார். அவருடைய கொள்கை எளிமையானது: லத்தீனைப் பேசுகிற தாளத்தில் பாடு, அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் மொக்ரோ. மடத்துக்கு வருமுன் செல்லோ வாசித்தவர், பொத்தியேயின் சீடர். ரேகன்ஸ்பர்க் ஆட்களோடு வாதாடிப் பயனில்லை, ஆதாரத்தை மேசையில் கொட்டிவிடலாம் என்று 1889-ல் கையெழுத்துப் பிரதிகளைப் புகைப்படமாகவே அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். அதில் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டார், யுஸ்துஸ் உத் பால்மா, நம் பழைய தமிழ் பைபிளில் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று வருமே, பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள அந்த வரி. அந்த ஒரே பாட்டை 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 17 வரை, வெவ்வேறு நாட்டுப் பிரதிகள் இருநூறுக்கும் மேல், பக்கம் பக்கமாக வரிசையாகப் போட்டார். ஐரோப்பாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மெட்டு ஒன்றாகவே இருந்தது. அதற்கப்புறம் எதிர்த்தரப்புக்குப் பேச்சு இல்லை. 1903-ல் பத்தாம் பத்திநாதர் போப் ஆனார், அதே வருடம் நவம்பரில் கிரகோரியன் பாட்டுதான் கோவில் இசைக்கு முன்மாதிரி என்று ஆணை, 1908-ல் வத்திக்கானின் புதிய பூசைப்பாட்டுப் புத்தகம். இதற்கிடையில் 1901-ல் பிரான்சில் துறவி மடங்களைக் கட்டுப்படுத்த வந்த சட்டத்தால் மொத்த மடமும் இங்கிலாந்தின் வைட் தீவுக்குக் குடிபெயர்ந்தது, 1922-ல்தான் திரும்பினார்கள். பாதி வேலை அந்த அகதி வாழ்க்கையில் நடந்தது.

சரி, மெட்டு கிடைத்துவிட்டது. நடை? அங்கேதான் குருவும் சீடரும் பிரிந்தார்கள். பேசுவதுபோலப் பாடு என்றால் மடத்தில் பாடலாம், தினமும் சேர்ந்தே பேசிச் சேர்ந்தே பாடுகிறவர்கள். ஊர்க் கோவிலில் தையற்காரரும் தபால்காரரும் எப்படி ஒன்றாக முடிப்பார்கள்? மொக்ரோ ஒரு முறை செய்தார்: எல்லாச் சுரமும் ஒரே அளவு, இரண்டிரண்டாக அல்லது மும்மூன்றாகக் கட்டு, கட்டின் முதல் சுரத்தில் கால் வைக்கிற மாதிரி ஒரு தொடுதல், அதற்கு இக்துஸ் என்று பெயர். உங்கள் பெரியவரின் பழைய புத்தகத்தில் சுரத்துக்கு அடியில் குட்டிச் செங்குத்துக் கோடு இருக்கும், பாருங்கள், அதுதான். வத்திக்கான் அச்சிட்டதில் அந்தக் குறி கிடையாது, சொலெம் தன் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தக் கை அலையும் அவர்கள் முறையே. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் வரை இதில்தான் பாடினார்கள். 1930-ல் வந்த சொலெம் இசைத்தட்டுகளில் கஜார் நடத்திய பாட்டைக் கேட்டுப் பாருங்கள், அந்த முறையின் அழகு தெரியும்.

பேரன் பக்கம்: அதே சொலெம் மடத்தில் கார்தீன் என்று ஒரு துறவி, ரோமில் பாடம் நடத்தியவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: எல்லாச் சுரமும் ஒரே அளவு என்றால், 10-ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒரே இரண்டு சுரத்தை ஏன் நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்? அதிலிருந்துதான் உங்கள் நெளிகோடு. 1979-ல் வந்த மூவரிப் புத்தகம் அது. மேலே கறுப்பில் இருப்பது வடபிரான்சின் லான் நகரப் பிரதியிலிருந்து, கீழே சிவப்பில் இருப்பது சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்து வகைப் பிரதிகளிலிருந்து.

அந்த நெளிகோட்டுக்கு நியூம் என்று பெயர். அதில் சுரத்தின் உயரம் கிடையாது! ஏறு, இறங்கு, சேர்த்துப் பாடு, விட்டுப் பாடு, இவ்வளவுதான் சொல்லும். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், எப்படிப் போக வேண்டும் என்பதை நினைவூட்ட எழுதியது. நீங்கள் பாட்டு கற்றவர், உங்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: சதுரச் சுரம் என்பது வாத்தியார் நோட்டில் எழுதிக்கொடுத்த சரிகம, நியூம் என்பது அவர் பாடிக்காட்டும்போது கை போன போக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் இரண்டையும் அடுக்கி அச்சிட்டார்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. மேலிருந்து கீழே இறங்கும் இரண்டு சுரம், கிளிவிஸ் என்பார்கள். சிவப்பு வரிசையில் கவிழ்த்துப் போட்ட கொக்கி மாதிரி இருக்கும். அதன் தலையில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருந்தால் இரண்டு சுரத்தையும் நின்று சொல், பக்கத்தில் ஒரு குட்டி "ஸி" எழுத்து இருந்தால் நிற்காதே, ஓடு. சதுர எழுத்தில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். போன செவ்வாய் உங்கள் குழு "நோபிஸ்"-ல் பிரிந்தது என்கிறீர்கள், புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில் சிவப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், சண்டையின் வேர் அங்கேயே இருக்கும்.

யார் சரி என்றால் என் கட்சி கார்தீன். மொக்ரோ பாட்டைக் கண்டெடுத்தவர், ஆனால் அவர் தாளம் அவர் காலத்துத் தாளம். சொலெம்காரர்களே 2005-ல் வெளியிட்ட மடத்துச் செபப்பாட்டுப் புத்தகத்தில் இக்துஸ் குறியை விட்டுவிட்டார்கள். ஆனால் உங்கள் பெரியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

---

தம்புரா_ஆஃப்:

நாலுகோடு சார் எழுதியதில் தப்பில்லை, ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இரண்டு கட்சியுமே 19-20-ஆம் நூற்றாண்டு ஆட்கள் செத்துப்போன பாட்டை எழுப்பி உட்காரவைத்தது. குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாக வந்த தொடர்ச்சி அறுந்துபோச்சு, அதை மறக்கக் கூடாது. அந்த மெத்து மெத்தென்ற, ஆசாபாசம் இல்லாத, மேகத்தில் மிதக்கிற குரல் இருக்கிறதே, அது ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய பிராங்க் பேரரசர் சார்லமேன் காலத்துக் குரல் என்று யார் சொன்னது? பிரான்சிலேயே மார்செல் பெரெஸ் 1982-ல் ஆரம்பித்த ஆர்கானும் குழுவைக் கேளுங்கள். கிரேக்க தேவாலயப் பாடகர் ஆஞ்செலோபுலோஸை உடன் வைத்துக்கொண்டு பழைய ரோமானியப் பாட்டைப் பாடினார்கள், கீழே ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே அசைவும் நெளிவுமாக. முதல் தடவை கேட்டபோது யாரோ தம்புரா போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அறிஞர்கள் பாதிப் பேர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். ஆனால் உயிர் இருக்கிறது.

1994-ல் ஸ்பெயினின் சீலோஸ் மடத்துத் துறவிகளின் பழைய பதிவுகளைத் தொகுத்துப் போட்டார்களே, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. அன்றைக்கு ஆரம்பித்த வியாதிதான், இப்போது யூடியூபில் எட்டு மணி நேரம் "மன அமைதிக்கு" என்று ஓடுகிறது, தூக்க மாத்திரை மாதிரி. அந்தத் துறவிகள் விடியுமுன் எழுந்து பாடுவது தூங்குவதற்கா?

அக்கா, உங்கள் சுருதி இறங்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் இறங்கும்.

---

பழைய பூசைப்பையன்:

இந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லாம் புத்தகம் படித்து வந்தவர்கள் போலிருக்கிறது. நான் பாடி வந்தவன், கொஞ்சம் சொல்லட்டுமா.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. 1960-ல் எனக்குப் பன்னிரண்டு வயது, பூசைக்கு உதவி செய்கிற பையன். அப்போது பூசை முழுக்க லத்தீன். உபதேசியார் (கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்) ஆர்மோனியத்தில் உட்கார்ந்து ஒரு சுரம் பிடிப்பார், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் "கீரியே எலெய்சோன்" என்று எடுப்போம். சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின் பூசை என்று பெயர், தே ஆஞ்ஜெலிஸ், பெரிய திருநாளுக்கெல்லாம் அதுதான். மரித்தவர் பூசைக்கு தியேஸ் ஈரே. ஆசீர்வாதத்துக்குத் தாந்தும் எர்கோ. நெளிகோடு, சதுரம் எதுவும் நாங்கள் கண்டதில்லை. கொப்பியில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்போம், மெட்டு காதில்தான். அர்த்தம் உபதேசியாருக்கே முழுசாகத் தெரியுமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. சாவு வீட்டுக்காரர்களுக்கு தியேஸ் ஈரே கேட்டால்தான் பூசை நடந்த மாதிரி.

1960-களில் ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து பூசைக்குத் தமிழ் வந்தது. நல்லதுதான், புரிந்தது. ஆனால் மலைவேம்பு அம்மா, அந்த சங்க ஏட்டிலேயே கிரகோரியன் பாட்டுக்கு முதலிடம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பிற்பாடு ஒரு சாமியார் சொல்லித்தான் தெரியும். முதலிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் உபதேசியார் எண்ணவும் இல்லை, நெளிகோடும் பார்க்கவில்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே தலையை ஆட்டுவார். நாங்கள் ஒன்றாகத்தான் முடித்தோம். உங்கள் பெரியவர் புத்தகத்தை மூடினார் என்று படித்ததும் எனக்கு அந்த மனுஷன் ஞாபகம் வந்துவிட்டது. தமிழ்ப் பாட்டு வந்த புதிதில் அவரும் ஒன்றும் பேசவில்லை.

---

நாலுகோடு:

ஐயா, இப்படி நேரில் பாடியவர் ஒருவர் எழுதுவார் என்று நினைக்கவில்லை, மகிழ்ச்சி. ஒரே ஒரு தகவல், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தே ஆஞ்ஜெலிஸ் பூசையின் கீரியே 15-16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதோடு வழக்கமாகச் சேர்த்துப் பாடும் விசுவாசப் பிரமாணம் 17-ஆம் நூற்றாண்டு. அதனால்தான் அது நமக்கு இப்போதைய பாட்டு மாதிரி, மேஜர் ஸ்கேலில் சுலபமாக நாக்கில் நிற்கிறது. மலைவேம்பு பாடும் புவேர் நாத்துஸ் அதைவிட அறுநூறு வருடமாவது மூத்தது.

---

பழைய பூசைப்பையன்:

கெடுத்தீரே தம்பி. போப் கிரகோரியார் தோளில் புறா உட்கார்ந்து காதில் பாடிக் காட்டியது என்று உபதேசியார் சொல்லியிருந்தார், அறுபது வருடமாக அப்படியே வைத்திருந்தேன்.

---

நாலுகோடு:

புறாவையும் நான்தான் விரட்ட வேண்டுமா ஐயா! கிரகோரியார் போப்பாக இருந்தது 590 முதல் 604 வரை. இந்தப் பாட்டு இப்போதுள்ள உருவுக்கு வந்தது 8-9-ஆம் நூற்றாண்டில், ரோமானியப் பாட்டைப் பிராங்க் அரசர்கள் தங்கள் நாட்டில் இறக்குமதி செய்து கலந்தபோது. பெரிய பெயர் சொன்னால்தான் ஊரார் ஏற்பார்கள் என்று கிரகோரியார் பெயரை மாட்டிவிட்டார்கள். புறாவும் அவரோடு சேர்ந்தே வந்தது.

---

குரல்வளை:

நான் பதினோரு வருடமாக இப்படி ஒரு குழுவில் பாடுகிறேன், அதனால் சரித்திரத்தை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சுருதி இறங்குவது ஆண் பெண் கலப்பதால் இல்லை. பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறோம், அவ்வளவுதான். ஒரே சுரத்தில் பத்து எழுத்து நின்று சொல்லும் இடங்கள் வரும் இல்லையா, சங்கீதம் ஓதும்போது குறிப்பாக, அங்கேதான் வழுக்கும். கவனம் மெட்டு அசையும்போது இருக்கும், நிற்கும்போது போய்விடும். இன்னொன்று, இந்தப் பாட்டுக்கு நிரந்தரமான சுருதி கிடையாது. நாலு கோட்டில் ஆரம்பத்தில் போட்டிருக்கும் குறி, "தோ" எந்தக் கோட்டில், "ஃபா" எந்தக் கோட்டில் என்று மட்டும் சொல்லும். எத்தனை கட்டையில் எடுப்பது என்பது நீங்கள் முடிவு செய்வது. ஆண்களுக்குச் சுகமான கட்டையில் எடுத்துவிட்டு, பெண்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் பத்து நிமிடத்தில் எல்லோரும் களைத்துப்போவோம், இறங்கத்தான் செய்யும். அரைக் கட்டை கீழே ஆரம்பித்துப் பாருங்கள். இல்லையென்றால் மாற்றி மாற்றிப் பாடுங்கள், ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. புடாபெஸ்டில் தோப்சாயும் செந்த்ரெயும் 1969-ல் தொடங்கிய ஸ்கோலா ஹங்காரிக்கா குழு பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு இப்படித்தான் குரல்களைப் பிரித்துப் பாடியது. 1903 ஆணையில் கோவில் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமே கிடையாது என்று இருந்தது தெரியுமா? கன்னியாஸ்திரி மடங்களில் மட்டும் அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். சொலெமிலேயே ஆண்கள் மடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் 1866-ல் தொடங்கிய பெண்கள் மடம் இருக்கிறது.

நீங்கள் அந்தப் பக்கமே இருக்கிறீர்கள், சொலெம் போயிருக்கிறீர்களா? சாப்லேயில் ரயில் இறங்கிப் போய்விடலாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் சாயங்காலச் செபத்துக்கும் இருந்தேன். பூசையைவிடச் சாயங்காலம்தான் என்னைப் பிடித்தது. சங்கீத வரி ஒவ்வொன்றும் நடுவில் உடையும், புத்தகத்தில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி. அங்கே நிறுத்துவார்கள். யாரும் கை காட்டுவதில்லை. முன்வரிசையில் ஒரு கிழத் துறவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அவருக்கு எதிரே இருந்த இளைஞர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் நிறுத்திய நீளமும் மறுபாதியை எடுத்த நொடியும் ஒன்று. முதலில் என்னால் அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை, மனதுக்குள் நானே அடுத்த பாதியை ஆரம்பித்துவிடுவேன். நாலாவது சங்கீதத்தில்தான் அவர்களோடு நிற்க வந்தது. (கோவிலின் பக்கவாட்டில் 1496-ல் செய்த கல் சிற்பம் ஒன்று, இயேசுவைக் கல்லறையில் வைக்கிறார்கள், முன்னால் மரிய மதலேனாள் தரையில் உட்கார்ந்து கைகளைக் கோத்து வாயருகே வைத்திருப்பார். அதையும் பார்க்காமல் வராதீர்கள்.)

சண்டைக்கு வருகிறேன். எண்ணுவதா நெளிகோடா என்று வாக்கெடுப்பு வைத்தால் குழு உடைந்துவிடும், எங்களுடையது ஒரு தடவை அப்படி உடைந்து ஒரு வருடம் ஏழு பேரோடு ஓட்டினோம். வாக்கெடுப்புக்குப் பதிலாக அந்த வரியைப் பாடாமல் வாசியுங்கள். லத்தீனை, வெறும் பேச்சாக, எல்லோரும் சேர்ந்து. "புவேர் நாத்துஸ் எஸ்த் நோபிஸ்." எந்த எழுத்தில் அழுத்தம், எங்கே வார்த்தை முடிகிறது என்பது வாய்க்கு வந்துவிட்டால், எண்ணுகிறவர்களும் நெளிகோட்டுக்காரர்களும் எண்பது சதவீதம் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பொத்தியே சொன்னதும் அதுதானே. மிச்ச இருபதுக்கு நடத்துகிறவர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான், சரியோ தப்போ.

வீட்டில் கேட்டுப் பழக: தென் பிரான்சில் ஜூக் என்ற ஊர்க் கன்னியாஸ்திரிகள் வருடம் முழுக்கப் பாடுவதை அப்படியே பதிவு செய்து நியூம்ஸ் என்று ஒரு செயலியில் போடுகிறார்கள். பெண் குரல் என்பதால் உங்களுக்கு உதவும். பாடும்போதே சதுரச் சுரம் திரையில் ஓடும்.

---

தம்புரா_ஆஃப்:

அந்தச் செயலி நன்றாக இருக்கிறது. அதையும் போட்டுத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள்.

---

மலைவேம்பு:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. நேற்று செவ்வாய், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலுகோடு சார் சொன்ன மாதிரி "நோபிஸ்"-ஐப் புத்தகத்தில் தேடினேன். சிவப்பைப் பார்க்கிறவர்கள் எந்தச் சுரத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்களோ அதற்கே பெரியவர் பழைய புத்தகத்தில் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறார். ஆக, பிரிந்தது அந்த ஓர் இடத்தில்தான், அங்கிருந்துதான் வரி முழுக்கக் கோணிக்கொண்டு போயிருக்கிறது. இதை இடைவேளையில் பையனிடம் காட்டினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போன வாரம் நாங்கள் ஒட்டுமொத்தமாகத் தன்னை எதிர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

குரல்வளை சொன்ன வாசிப்பை நான்தான் கேட்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு, என் லத்தீன் உச்சரிப்பு தமிழ் லத்தீன். பையன் யோசித்தார். பிறகு தான் வாசிக்காமல் முன்வரிசைக்குப் போய்ப் பெரியவரிடம் "நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்" என்றார். பெரியவர் நாற்காலியிலிருந்தபடியே வாசித்தார், புத்தகத்தைத் திறக்காமல். நாற்பது வருடம் வகுப்பெடுத்த குரல். நாங்கள் திரும்பச் சொன்னோம், மூன்று தடவை. நாலாவது தடவை யாரும் சொல்லாமலேயே பாட்டாகிவிட்டது, பையன் கையைத் தூக்கியதே பாதி வழியில்தான். "நோபிஸ்"-ல் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றோம். எண்ணியா, நெளிகோடு பார்த்தா என்று எனக்கே தெரியவில்லை, நான் பெரியவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றபடி இரண்டாவது வரியில் மறுபடி சண்டை வந்தது, "இம்பேரியும்" என்ற வார்த்தையில், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

பூசைப்பையன் ஐயா, உங்கள் கொப்பியைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் புத்தகத்தின் ஓரத்தில் "புவேர் நாத்துஸ்" என்று எழுதிக்கொடுத்தேன். பையனின் நெளிகோட்டைவிட இது பரவாயில்லை என்றார்.

சுருதி? ஐந்து கட்டையில் எடுத்து நாலரையில் முடித்தோம்.